சிஎன்சி செட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது யார் யார் உடனிருக்க வேண்டும்?

கோவையில் பம்பு உதிரிபாகம் கடையும் சிறு பட்டறைகள் பலவற்றில், செட்டர் வேலைக்கு, அதாவது கணினி வழி இயங்கும் சிஎன்சி கடைசல் மெஷினில் கருவிகளையும் அளவுகளையும் அமைக்கும் வேலைக்கு, வருபவரிடம் முதலாளி பத்து நிமிடம் பேசிப் பார்த்துச் சம்பளத்தை முடிவுசெய்து, மறுநாளே மெஷினில் நிறுத்திவிடுகிறார். ஆனால் செட்டரின் கைத்திறன் பேச்சில் தெரிவதில்லை. ஐடிஐயில் இரண்டு ஆண்டு டர்னர் பிரிவு முடித்த சான்றிதழையும் பழைய சம்பளச் சீட்டையும் சரிபார்ப்பதற்கு அலுவலக ஊழியர் ஒருவரே போதும்.

அவசியம் சேர்க்க வேண்டியவர், புதியவருக்கு அடுத்த ஷிப்டில் அதே மெஷினை ஏற்கப்போகும் மூத்த செட்டர். முன்னவர் தவறாக விட்டுச்சென்ற ஆஃப்செட்டால் (வெட்டும் கருவியின் இடத்தைத் திருத்த மெஷினில் பதியும் எண்) ஸ்கிராப் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பதால், சோதனை வேலையை அவரே தேர்ந்தெடுக்கட்டும். 25 மி.மீ. விட்டத்தில் எச்7 (h7) என்ற அனுமதி அளவுள்ள ஒரு எஃகுத் தண்டு, அதாவது 24.979 முதல் 25.000 வரை, இதற்கு நன்றாகப் பொருந்தும். டிராயிங்கைக் கையில் கொடுத்துவிட்டு, இறுதி வெட்டுக்கு முன் கொஞ்சம் உலோகம் விட்டு அளந்து ஆஃப்செட்டைத் திருத்துகிறாரா, தண்டு ஆறும்வரை மைக்ரோமீட்டரைத் தொடாமல் இருக்கிறாரா என்று பேசாமல் பார்க்க வேண்டும். தண்டு 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் அதன் விட்டம் ஏறத்தாழ 0.009 மி.மீ. பெருத்துக் காட்டும், அனுமதித்த 0.021இல் அது பாதிக்குச் சற்றே குறைவு என்பதால், சூட்டோடு அளந்து சரியென்று வைத்த தண்டு ஆறிய பிறகு கீழளவுக்கும் கீழே இறங்கிவிடக்கூடும்.

இரண்டாமவர் தர ஆய்வாளர். கடைந்தவர் தாம் எடுத்த அளவைத் தாளில் எழுதி மடித்துக் கொடுத்துவிட வேண்டும். ஆய்வாளர் அதைப் பார்க்காமல் தனியே அளந்து எழுத வேண்டும். தண்டு அளவுக்குள் இருந்தும் இரண்டு தாள்களும் ஒத்துப்போகாவிட்டால், அது தற்செயலாக அமைந்த அளவு என்றே நான் கொள்வேன். மெஷினை இயக்கும் ஃபானுக் நிறுவனக் கன்ட்ரோலில் பழகியவரா, சீமென்ஸில் பழகியவரா என்பதற்கு இவ்வளவு எடை தர வேண்டியதில்லை. பொத்தான்கள் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும்.

மூத்த செட்டரின் சொல்லையும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், தமது ஓவர்டைம் குறைந்துவிடும் என்ற கவலையில் ஒருவர் நல்ல கைக்காரரை "வேகம் போதாது" என்று திருப்பி அனுப்பச் செய்தார். ஆகவே வேண்டாம் என்பவர், எந்த வெட்டில் என்ன தவறு நடந்தது என்று எழுதித் தர வேண்டும். அவரும் ஆய்வாளரும் வேறுபட்டால், ஃபோர்மேன் முன்னிலையில் இன்னொரு தண்டைக் கடையச் சொல்லலாம்; அந்த நாளுக்குக் கூலி கொடுத்துவிட வேண்டும்.

முதலாளி கடைசியாக வந்து சம்பளத்தையும் ஷிப்டையும் பேசி முடித்தால் போதும்.