கிட்டார் சிந்த் பிக்கப்பில் ஒரு தந்தி மட்டும் மெலிந்து ஒலித்தால்

தந்திகளின் அதிர்வைக் கண்டறிந்து சிந்தசைசர் ஒலியாக மாற்றும் கிட்டார் சிந்த்தை வாசிப்பவர்களுக்கு இந்தக் குறை நன்கு பழக்கமானது. ஐந்து தந்திகள் மீட்டிய கணத்திலேயே சரியாக ஒலிக்கும். மீதமுள்ள ஒன்று மட்டும் தாமதமாக வரும், பாதியில் அறுந்து போகும், அல்லது ஒரு ஸ்தாயி தள்ளி வேறு சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பெரும்பாலோரின் கை நேராகச் சென்சிட்டிவிட்டி (ஒவ்வொரு தந்தியின் சிக்னலையும் கூட்டிக் குறைக்கும்) அமைப்புக்குத்தான் போகிறது. கடைசியாகத் தொட வேண்டியது அதுதான். மெலிந்த சிக்னலை அங்கே கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும். பக்கத்துத் தந்தியின் அதிர்வைக் கூடத் தன் சுரம் என்று எண்ணி, வாசிக்காத ஒலியைச் சிந்த் எழுப்பத் தொடங்கும். உண்மையான கோளாறோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

எங்கே தேடுவது என்பதை அறிய, சிக்னல் செல்லும் பாதையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ரோலண்ட் ஜிகே-3 போன்ற பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக ஒரு சிறு காயில் (கம்பிச் சுருள்) உண்டு. அந்த ஆறு சிக்னல்களும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள ஆறு தனி ஆம்ப்ளிஃபயர்கள் வழியாக 13-பின் (13 இணைப்பு ஊசிகள் கொண்ட) கேபிளுக்குள் நுழைகின்றன. முதல் ஆறு பின்களும் ஆறு தந்திகளுக்கு உரியவை. ஏழாவது பின் கிட்டாரின் வழக்கமான பிக்கப் ஒலியையும், எட்டாவது பின் பெட்டியில் உள்ள வால்யூம் குமிழின் அளவையும் கொண்டு செல்கின்றன. பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது பின்கள் சிந்த்திலிருந்து பெட்டிக்கு +7, −7 வோல்ட் மின்சாரம் தருகின்றன. ஆகவே ஆறு தந்திகளும் ஒருசேர மெலிந்திருந்தால் பிக்கப்பின் மொத்த உயரத்தையோ பொதுவான மின்பாதையையோ சந்தேகிக்க வேண்டும். ஒரே தந்தி மெலிந்திருந்தால் அந்தத் தந்தி, அதன் காயில், அதன் ஆம்ப்ளிஃபயர், அதன் பின் ஆகிய நான்கைத் தவிர வேறு எங்கும் அலைய வேண்டியதில்லை.

முதலில் சிந்த்தில் சென்சிட்டிவிட்டி மீட்டர் உள்ள பக்கத்தைத் திறந்து, அளவு எதையும் மாற்றாமல், ஒவ்வொரு தந்தியையும் ஒரே வலுவில் மீட்டி மீட்டர் எவ்வளவு உயர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காது ஏமாற்றக்கூடும், ஏனெனில் தேர்ந்தெடுத்திருக்கும் ஒலியே ஒரு தந்திக்கு மட்டும் குறைவாக அமைக்கப்பட்டிருக்கலாம். மீட்டர் அப்படி ஏமாற்றாது. ஆறு தந்திகளும் மீட்டரில் நன்றாக உயர்ந்து, ஒலி மட்டும் சிறிதாக இருந்தால், பெட்டியில் உள்ள வால்யூம் குமிழைப் பாருங்கள். அக்குமிழ் தந்திகளின் சிக்னலைத் தொடுவதே இல்லை, ஒலியளவைக் குறைக்கும்படி சிந்த்துக்குத் தகவல் மட்டுமே அனுப்புகிறது.

ஒரு தந்தி மீட்டரிலும் தாழ்ந்திருந்தால், கோளாறு மின்சாரத்திலா இயந்திர அமைப்பிலா என்பதை ஐந்தே நிமிடத்தில் பிரித்தறியலாம். ஒலிபெருக்கியின் வால்யூமை முழுவதும் குறைத்துவிட்டு, சந்தேகத்துக்குரிய தந்தியையும் அதன் பக்கத்தில் நன்றாக ஒலிக்கும் தந்தியையும் தளர்த்தி ஓரமாக ஒதுக்குங்கள். பிறகு ஒரு சிறிய ஸ்க்ரூடிரைவரின் நுனியால், அத்தந்திகளுக்கு உரிய காயில்களின் மேல்பகுதியை ஒன்றன்பின் ஒன்றாக மெல்லத் தட்டுங்கள். உள்ளே காந்தம் இருப்பதால் நுனி சட்டென்று கீழே இழுக்கப்படும். கையைச் சற்று உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு நெருங்கி விலகும்போது காந்தப்புலம் மாறி, காயிலில் சிக்னல் பிறக்கும். இரண்டு காயில்களும் மீட்டரை ஒரே அளவு உயர்த்தினால் காயிலும் ஆம்ப்ளிஃபயரும் கேபிளும் நலமாகவே உள்ளன என்று பொருள். குறை தந்தியிலோ இடைவெளியிலோதான் இருக்கிறது. என் அனுபவத்தில் பெரும்பாலான கிட்டார்களில் முடிவு இதுவாகவே இருந்திருக்கிறது.

இடைவெளியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிரிட்ஜை (கிட்டாரின் உடல்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பாகம்) ஒட்டிய பகுதியில் தந்தி மிகக் குறைவாகவே அதிரும் என்பதால் பிக்கப் அதற்கு மிக நெருக்கமாக இருந்தாக வேண்டும். தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பி) அழுத்திப் பிடித்த நிலையில், தந்தியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் மேற்பரப்புக்கும் இடையே ஏறத்தாழ 1 மி.மீ. இருக்க வேண்டும். தொலைவு கூடக்கூடச் சிக்னல் வேகமாகச் சரியும், அரை மி.மீ. கூடினாலே வேறுபாடு தெரியும். இதை அளக்க இரும்பு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வேண்டாம், காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். எல்லோர் பையிலும் இருக்கும் ஏடிஎம் அட்டை 0.76 மி.மீ. தடிமன் கொண்டது. எழுத்து புடைக்காத ஓரத்தைத் தந்திக்கு அடியில் செருகினால், தந்தியைத் தூக்காமல், சிறிது இடம் மிச்சம் வைத்து அது நழுவிச் செல்ல வேண்டும். இறுகினால் பிக்கப் மிக அருகில் உள்ளது. இன்னோர் அட்டையையும் சேர்த்துச் செருகும் அளவுக்கு இடம் இருந்தால் மிகத் தொலைவில் உள்ளது.

என் கிட்டாரில் இரண்டாவது தந்தி இப்படித்தான் மெலிந்துபோனது. கேபிள் மாற்றி, சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்து, இரண்டு மாலைகளைக் கழித்த பிறகே அட்டையைச் செருகிப் பார்த்தேன். இரண்டு அட்டைகள் தாராளமாகப் போயின. சில வாரங்களுக்கு முன் ஒரு பழுதுபார்க்கும் கடையில், அத்தந்தி ஃப்ரெட்டில் உரசுகிறது என்பதற்காக அதன் சேடிலை (பிரிட்ஜில் தந்தி அமரும் சிறு பாகம்) மட்டும் உயர்த்தியிருந்தார்கள். உரசல் நின்றது, தந்தியோ பிக்கப்பை விட்டு விலகிவிட்டது. உரசலுக்கு உண்மையான காரணமான கழுத்தின் வளைவைச் சரிசெய்து சேடிலைப் பழைய உயரத்துக்கு இறக்கியதும், வேறு எதையும் தொடாமலேயே மீட்டர் மற்றத் தந்திகளோடு சமமாக உயர்ந்தது.

பிக்கப்பின் உயரத்தை இரு முனைகளிலும் உள்ள திருகுகளைக் கொண்டு, ஒரு முறைக்குக் கால் சுற்று என்ற அளவில் மாற்றுங்கள். ஒரு முனையை உயர்த்தினால் நடுவில் உள்ள தந்திகளின் இடைவெளியும் மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஆறையும் அளக்க வேண்டும். பிக்கப்பின் வளைவும் உங்கள் பிரிட்ஜின் வளைவும் ஒன்றாக இல்லையென்றால், ஓரத் தந்திகள் சரியாக அமையும்போது மூன்றாவதும் நான்காவதும் சற்று விலகியோ நெருங்கியோதான் நிற்கும். அந்தச் சிறு வேறுபாட்டை ஈடுகட்டத்தான் சென்சிட்டிவிட்டி அமைப்பு இருக்கிறது. மேலிருந்து நேராகப் பார்த்து, ஒவ்வொரு தந்தியும் தன் காயிலின் நடுவில் செல்கிறதா என்றும் பாருங்கள். பிக்கப் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் முதல் தந்தியோ ஆறாவது தந்தியோ ஓரத்துக்குத் தள்ளப்பட்டு மெலியும்.

தந்தியே காரணமாக இருப்பதும் உண்டு. காந்தப் பிக்கப் இரும்பு, நிக்கல் போன்ற காந்தம் ஈர்க்கும் உலோகங்களை மட்டுமே உணரும். அகூஸ்டிக் கிட்டாருக்கான வெண்கலம் சுற்றிய தந்திகளில் உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு மட்டுமே அதற்குத் தெரியும் என்பதால் தடித்த தந்திகள் மெலிந்து ஒலிக்கும். நைலான் தந்தி கொண்ட கிட்டாருக்கு இந்த வகைப் பிக்கப் பயன்படவே பயன்படாது, சேடிலில் பொருத்தும் பீசோ (அழுத்தத்தை மின் சிக்னலாக மாற்றும்) வகையே வேண்டும். துருப்பிடித்த பழைய தந்தியை மாற்றிவிட்டுத்தான் எந்த அளவையும் எடுக்க வேண்டும்.

ஸ்க்ரூடிரைவர் சோதனையிலேயே ஒரு காயில் தாழ்ந்திருந்தால் அடுத்தது கேபிள். சிந்த்தை அணைத்துவிட்டே கேபிளைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, ஒரு முனையின் ஒவ்வொரு பின்னும் மறுமுனையின் அதே பின்னோடு இணைந்திருக்கிறதா என்று பார்க்கும்போதே, பிளக்கின் கழுத்தை மெல்ல அசைக்கவும் வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் பெரும்பாலும் அங்கேதான் முறிகின்றன, அசைத்தால்தான் மல்டிமீட்டரின் ஒலி விட்டு விட்டு வரும். கேபிள் சரியாக இருந்தால், பிக்கப்பிலிருந்து பெட்டிக்குச் செல்லும் மெல்லிய வயரின் இணைப்பியைக் கழற்றி மீண்டும் உறுதியாகப் பொருத்திப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சால்டரிங் பழக்கம் உள்ள ஒருவரிடம் பெட்டியைக் கொடுப்பதே நல்லது. பெட்டியைத் திறந்து கற்றுக்கொள்வதற்கு இது ஏற்ற இடமல்ல.

இவ்வளவும் முடிந்த பிறகு சென்சிட்டிவிட்டிக்கு வாருங்கள். நீங்கள் வாசிக்கக்கூடிய மிக வலுவான மீட்டலில் மீட்டர் உச்சத்தை நெருங்க வேண்டும், முட்டக் கூடாது. ஆறாவது தந்தியைப் பொறுமையாகச் சரிபாருங்கள். திறந்த நிலையில் அது வினாடிக்கு 82 முறை மட்டுமே அதிர்வதால் ஒரு முழு அதிர்வுக்கே 12 மில்லிவினாடி ஆகிறது, முதல் தந்திக்கோ 3 மில்லிவினாடி போதும். தொடக்கமே மெலிந்திருந்தால், ஏற்கெனவே தாமதமாகும் தடித்த தந்தி மேலும் பின்தங்கும். பிக்கப்புக்கும் பிரிட்ஜுக்கும் உள்ள தொலைவைக் கேட்கும் சிந்த்தாக இருந்தால் அதை ஒவ்வொரு தந்திக்கும் அளந்தே பதிவு செய்யுங்கள். இந்த அளவுகளை அந்தக் கிட்டாருக்கென்று தனியாகச் சேமித்து வையுங்கள். தந்தியின் தடிமனை மாற்றும்போதும் சேடிலைத் தொடும்போதும் அட்டையை எடுத்து முதலில் இடைவெளியை அளந்துவிட்டு, பிறகு மீட்டரைத் திறவுங்கள்.