ஒரு பலகையில் சீனக்குடா: சின்ன அறைக்குள் மாதிரி ரயில் பாதை அமைக்கத் திட்டமிடுவது எப்படி?

மாதிரி ரயில் என்றதும் எல்லாருக்கும் நினைவில் வருவது வட்டப் பாதைதான். கோச்சி சுற்றிச் சுற்றி ஓடும். பத்து நிமிடத்தில் பார்ப்பவருக்கும் அலுத்துவிடும், ஓட்டுபவருக்கும் அலுத்துவிடும். போதாக்குறைக்கு அறையில் இடத்தைத் தின்பதும் அந்த வட்டமே. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. அகலமுள்ள பாதையில், தொடக்கநிலைத் தொகுப்புகளோடு வரும் இறுக்கமான வளைவின் ஆரம் 371 மி.மீ. விட்டம் 74 செ.மீ. ஆகிறது. ஓரத்துக்கும் இடம் விட்டால் பலகை 85 செ.மீ. அகலம் கேட்கும். கட்டிலும் அலுமாரியும் போட்ட அறையில் அது நடக்காது.

ஆகவே நாங்கள் வட்டத்தை விட்டுவிட்டு, ரயிலுக்கு ஒரு வேலை கொடுக்கப் போகிறோம். அதற்கு மாதிரி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கல்ஓயா சந்தியில் பிரியும் பாதை திருகோணமலையோடு முடிகிறது; அதற்குச் சற்று முன்னால் சீனக்குடா, மா ஆலை. கோதுமை மா ஏற்றும் வாகன்களை (சரக்குப் பெட்டிகளை) பிரித்து, சேர்த்து, வரிசைப்படுத்தும் ஷண்டிங் வேலைக்கு நாலடி நீளம் போதும்.

படி 1: இடத்தை அளந்துகொள்ளுங்கள்

120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். மேசைக்கு மேலே சுவர்த் தட்டாகவும் வைக்கலாம். கதவு திறக்கும் பக்கம், வெயில் நேரே விழும் யன்னலோரம் இரண்டும் வேண்டாம்.

படி 2: அளவைத் தெரிவுசெய்யுங்கள்

இந்தப் பலகைக்கு ‘என்’ (N) எனப்படும் அளவுதான் (1:160, பாதை அகலம் 9 மி.மீ.). எச்.ஓ. (1:87) கையாள வசதியானது, ஆனால் இதே திட்டத்துக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு நீளம் கேட்கும். எங்கள் உண்மையான அகலப்பாதை 1676 மி.மீ. கணக்குப்படி ‘என்’ அளவில் அது 10.5 மி.மீ. வரவேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் குறைகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்; தொடங்குகிறவர் அவர்களுக்குக் காதுகொடுக்கத் தேவையில்லை. எஞ்சினும் அப்படியே. 1954 முதல் கனடாவிலிருந்து வந்து, அந்நாட்டு மாகாணங்களின் பெயரைத் தாங்கிய எம்2 வகை எஞ்சின்களை நினைவூட்ட, அமெரிக்கப் பாணியிலான குட்டை டீசல் எஞ்சின் ஒன்றுக்கு நிறம் மாற்றினாலே போதும்.

படி 3: பாதையைத் தீர்மானியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த அலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நூக் சைடிங்ஸ்’ என்ற அமைப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு பொயின்ட்ஸ் (பாதை பிரியும் இடம்), மூன்று சைடிங் (வாகன் நிறுத்தும் பக்கப்பாதை), எஞ்சின் முன்னும் பின்னும் போய்வர ஒரு தலைப்பாதை, அவ்வளவுதான். நீளமான சைடிங்கில் ஐந்து வாகன் நிற்க வேண்டும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. தலைப்பாதையில் எஞ்சினும் மூன்று வாகனும் மட்டும் அடங்க வேண்டும். இடம் மிஞ்சுகிறதே என்று தலைப்பாதையை நீட்டினால் புதிர் சப்பென்று போய்விடும்.

விளையாடும் விதம் இதுதான். எட்டு வாகன், வாகனுக்கு ஒன்றாக எட்டுச் சீட்டு. சீட்டைக் குலுக்கி ஐந்தை எடுங்கள். எடுத்த அதே ஒழுங்கில் அந்த ஐந்தையும் நீளமான சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். வரக்கூடிய ஒழுங்குகள் 6,720. மழைக்காலம் முழுக்க விளையாடினாலும் தீராது. ஒன்றில் ‘கொழும்பு’, இன்னொன்றில் ‘பழுது’ என்று வாகன்களுக்கு நீங்களே அடையாளம் போட்டால் சுவை இன்னும் கூடும்.

இனி நீளக் கணக்கு. ஒரு வாகன் 7 செ.மீ., எஞ்சின் 11 செ.மீ. என்று வையுங்கள். தலைப்பாதை 32, இரண்டு பொயின்ட்ஸும் சேர்ந்து சுமார் 26, நீள சைடிங் 35. கூட்டினால் 93 செ.மீ. மிச்சம் 27 செ.மீ. வீண் இல்லை. பொயின்ட்ஸைத் தாண்டிய உடனே இரண்டு பாதையும் நெருக்கமாக இருப்பதால், அங்கே நிற்கும் வாகன் பக்கத்துப் பாதையில் போவதை உரசும். அந்தத் தூரத்தைக் கணக்கில் சேர்க்காததால்தான் பலருடைய ஐந்து வாகன் சைடிங் நாலு வாகனோடு நின்றுவிடுகிறது.

படி 4: கடதாசியில் முழு அளவில் வரையுங்கள்

பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டிப் பலகை அளவுக்கு விரியுங்கள். அதன்மேல் பொயின்ட்ஸை வைத்து ஓரத்தைப் பென்சிலால் கோடிடுங்கள். பக்கத்துப் பக்கமாக இரண்டு வாகனை வைத்து, உரசாமல் விலகும் இடத்தில் குறி போடுங்கள்; அங்கிருந்துதான் சைடிங்கின் நீளத்தை அளக்க வேண்டும். மா ஆலைக் கட்டடத்தைப் பின் சுவரோடு ஒட்டி, முகப்பு மட்டும் தெரியும்படி வைத்தால் 4 செ.மீ. ஆழம் போதும். மட்டையில் வெட்டிய சிலோ (தானியக் களஞ்சிய) உருளைகளும் பாதியாகவே நிற்கட்டும்.

படி 5: பலகை

12 மி.மீ. பிளைவூட். எட்டுக்கு நாலடித் தாள் ஒன்றில் இப்படி எட்டுப் பலகை வரும், எனவே கடையில் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அடியில் சட்டம் அடித்து, ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் பெயின்ட் பூசுங்கள். மாரியில் ஊறி, கச்சான் காற்றில் காயும் ஊர் இது. பூசாத மரம் வளையும். அதனால் தண்டவாள மூட்டுகளில் மயிரிழை இடைவெளி விடுங்கள். உப்புக் காற்றுக்கு இரும்புத் தண்டவாளம் உதவாது, நிக்கல் சில்வர் வாங்குங்கள். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் இடைக்கிடை துடைத்தால் ஓட்டம் தடைப்படாது.

படி 6: மின்சாரம்

12 வோல்ட் டீசி, இரண்டு வயர். ஜப்பானிலிருந்து பாவித்த கொன்ட்ரோலர் வாங்குகிறீர்கள் என்றால் அடியில் உள்ள லேபலை வாசியுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. நேரே செருகினால் எரிந்துவிடும்.

சில நாள் ஓட்டிப் பார்த்து, எல்லா வாகனும் தடம் புரளாமல் போகிறது என்று தெரிந்த பிறகே பாதையை ஒட்டுங்கள். தலைப்பாதை முடிகிற இடத்தில் வைக்கும் தடுப்புக் கட்டையை மட்டும் ஒட்டாமல் விடுங்கள். பிறகு இன்னொரு பலகைக்கு இடம் கிடைத்தால், அந்த முனையில் திருகோணமலை நிலைய மேடையைக் கோக்கலாம். அங்கே எஞ்சின் சுற்றிவந்து ரயிலின் மறுமுனையில் கொளுவ ஒரு துணைப் பாதையும் இரண்டு பொயின்ட்ஸும் தேவைப்படும்.