15-க்கு 15 சரி, அகலம் பார்த்தீர்களா? டயரும் வீலும் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டயர் மாற்றப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டயர் அளவின் கடைசி எண்ணை மட்டும்தான் பார்க்கிறார்கள். வீலும் 15, டயரும் 15, அப்புறம் என்ன, மாட்டுங்க என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அந்த 15 வீலின் விட்டம், அங்குலத்தில். வீலுக்கு அகலம் என்று இன்னொன்று இருக்கிறது. அது டயரில் எழுதியிருக்காது, வீலில்தான் 5.5ஜே, 6ஜே என்று அங்குலக் கணக்கில் அச்சாகியிருக்கும், பெரும்பாலும் உள்பக்கம், செம்மண்ணைத் துடைத்தால்தான் கண்ணில் படும்.

டயர் அளவில் முதல் எண் அதன் அகலம் மி.மீ.-இல், இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 185/65 ஆர்15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை அகலமுள்ள வீல் பொருந்தும். 195/65 ஆர்15 என்றால் 5.5 முதல் 7 வரை. 205/55 ஆர்16-க்கு 5.5 முதல் 7.5 வரை. அந்த 185 மி.மீ. என்பதே பெயரளவுக் கணக்குதான், வீல் அரை அங்குலம் கூடினால் டயரும் சுமார் 5 மி.மீ. விரியும்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய அலாய் வீல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கப் போகிறவர்கள் டேப்பை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு வைத்து அளக்கிறார்கள். தப்பு. டயரின் பீட், அதாவது வீலைக் கவ்வும் உள்விளிம்பு, உட்காரும் இடத்துக்கு இடம் உள்ளே அளக்க வேண்டும். வெளியே அளந்தால் ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடுதலாக வரும், 6 அங்குல வீலை 7 என்று நினைத்து டயர் வாங்கிவிடுவீர்கள்.

குறுகிய வீலில் அகல டயரைப் போட்டால் பக்கச்சுவர் பிதுங்கும், நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பும். மே மாத வெயிலில் திருச்சி சாலையில் விரட்டினால் அந்தப் பக்கச்சுவர் மடங்கி மடங்கியே சூடேறும். அகல வீலில் குறுகிய டயர் அதைவிட மோசம் என்பேன். பார்க்க ஸ்டைலாக இருக்கலாம், ஆனால் வீலின் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பள்ளத்தில் இறங்கினால் முதல் அடி அலாய்க்குத்தான், காற்று குறைந்திருக்கும்போது வளைவில் பீட் கழன்றுகொள்ளவும் வாய்ப்புண்டு.

கிராமத்துச் சாலையில் அடி தட்டுகிறது என்று 185/65-ஐ எடுத்துவிட்டு 205/65 போடுகிறவர்களும் உண்டு. 5.5 அங்குல வீலில் அது உட்காரும்தான், ஆனால் அனுமதித்த அகலத்தின் கடைசி ஓரத்தில். விட்டம் 621.5 மி.மீ.-லிருந்து 647.5 ஆகிவிடும், அதாவது 4 சதவீதம் கூடுதல். தரையிலிருந்து கூடுதலாகக் கிடைக்கும் உயரம் 13 மி.மீ. மட்டுமே, ஆனால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட 4 கி.மீ. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். 195/55 ஆர்16-க்கு மாறினால் விட்டம் 621-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் அங்கே வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: 185/65 ஆர்15-இல் வழக்கமாக வரும் சுமை எண் 88, ஒரு டயருக்கு 560 கிலோ, 195/55 ஆர்16-இல் 87 என்று இருந்தால் 545 கிலோதான். அகலம் கூடினால் தாங்கும் சக்தியும் கூடும் என்று நம்பிக்கொண்டு டிக்கி நிறைய சீர்ப் பாத்திரங்களை ஏற்றாதீர்கள்.

உரசுகிறதா என்று கடை வாசலில் காலி வண்டியில் பார்ப்பதும் பிரயோசனமில்லை. ஐந்து பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள். பிறகு குனிந்து மட்கார்டின் உள்பக்கம் பாருங்கள், செம்மண் படிந்த இடத்தில் ஒரு பட்டை மட்டும் கறுப்பாக மின்னினால் டயர் அங்கே உரசுகிறது.

நான்கையும் மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டிருந்தால், விட்டம் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டியில் திருமயம் பக்கம் முன் டயர் பஞ்சரானால், பின்னாலிருந்து ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி, மெதுவாகப் பக்கத்து பஞ்சர் கடை வரை மட்டும் ஓட்டுங்கள்.