புகழ்க்கூடம்: சுவரை அளக்கும் முன் விதியை எழுதுங்கள்

பெங்களூருக் கல்லூரி ஒன்றில் புகழ்க்கூடம் (சாதித்த பழைய மாணவர்கள், ஆசிரியர்களின் படமும் குறிப்பும் கொண்ட பலகைகளை மாட்டும் சுவர்) வைப்பது என்று முடிவானதும் கமிட்டி முதலில் சுவரைத்தான் அளக்கிறது. அதற்கு முன் யாரைச் சேர்ப்பது என்ற விதியை ஒரே பக்கத்தில் எழுதி, இயற்பியலாளர் அன்னா மணியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 1940-இல் உதவித்தொகையோடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு (பழைய பெங்களூருக்காரர்களுக்கு இன்றும் அது டாடா இன்ஸ்டிட்யூட்) வந்து, சி.வி.ராமனிடம் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தவர். பட்டம் வழங்கும் உரிமை அப்போது கழகத்துக்கு இல்லை. ஆய்வேடு 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது, எம்.எஸ்சி. இல்லை என்பதால் டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. பின்னாளில் சுமார் 100 வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தியவர் இவர். ‘இங்கே பட்டம் பெற்றவர்’ என்று விதி எழுதினால் இப்படிப்பட்ட ஒருவர் வெளியே நிற்பார். ‘குறைந்தது ஓராண்டு படித்தவர் அல்லது ஆய்வு செய்தவர்’ என்று எழுதுங்கள்.

ஆசிரியர் என்றால் ஓய்வு பெற்று 5 ஆண்டுகள் ஆகியிருக்கட்டும். பதவியில் இருப்பவரைச் சேர்த்தால், பதவி உயர்வுக்கு அவர் கையெழுத்தை எதிர்பார்ப்பவர்களே பரிந்துரை எழுதுவார்கள். கமிட்டிக்கு 7 பேர், அதில் 2 பேராவது வெளியாட்கள். ரகசிய வாக்கு, 5 வாக்கு கட்டாயம், ஆண்டுக்கு 4 பேருக்கு மேல் வேண்டாம். நன்கொடையாளர்களுக்குத் தனிச் சுவர் ஒதுக்குங்கள். இரண்டும் கலந்தால் சேர்ந்த அத்தனை பேரின் பெருமையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

குறிப்புரை 70 சொல் போதும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாள் ஆதாரம் வேண்டும்: பட்டமளிப்பு விழா மலர், பணிப் பதிவேடு, வெளியான கட்டுரை. ‘இந்தியாவிலேயே முதல்’ என்பதற்கு ஆதாரம் இல்லையா, அடித்துவிடுங்கள். இடத்தையும் சரிபாருங்கள். உயிரியற்பியலாளர் ஜி.என்.ராமச்சந்திரன் இந்திய அறிவியல் கழகத்தில் மாணவராக இருந்தவர், பிறகு திரும்பி வந்து மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கியவர். ஆனால் புரதங்களின் அமைப்பை ஆராய உதவும், அவர் பெயரைத் தாங்கிய வரைபடம் 1963-இல் வெளியானபோது அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஆர்வத்தில் அதைப் பெங்களூருவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

தமிழ்ப் பெயர்களில்தான் அதிகம் சறுக்கும். ஆர்.கணேசனை அகரவரிசையில் ‘க’வில் தேட வேண்டும், கம்ப்யூட்டர் அவரை ‘ஆர்’ பக்கம் தள்ளிவிடும். பலகையில் கன்னடம் கட்டாயம் இருக்கும். நமக்கு ‘ப’ ஒன்றுதான், அவர்களுக்கு நான்கு. தமிழைப் பார்த்து அப்படியே தட்டினால் பாலாஜியின் முதல் எழுத்து பழத்தின் ‘ப’ ஆகிவிடும். அழகப்பனின் ‘ழ’ இன்றைய கன்னடத்தில் இல்லை, ‘ள’ போடுவதே வழக்கம். ஆகவே பெயரைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, உரியவரிடமோ குடும்பத்தாரிடமோ கையெழுத்து வாங்கிய பிறகே பொறிக்கக் கொடுங்கள்.

இப்போது சுவர். பலகை 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம், பக்கத்தில் 10 செ.மீ. இடைவெளி. ஆண்டுக்கு 4 பேர் என்றால் 20 ஆண்டுகளுக்கு 80 பலகை. ஒரே வரிசையில் 32 மீட்டர், இரண்டு வரிசையில் 16 மீட்டர். இந்தக் கணக்கைப் போடாமல் முதல் ஆண்டே 25 பேரை மாட்டினால் சீக்கிரமே சுவர் நிரம்பி, புதியவர்கள் மாடிப்படிக்குப் போவார்கள். மழைக்காலத்தில் ஓதம் இறங்கும் வெளிச்சுவரைத் தவிருங்கள்; எந்தச் சுவரானாலும் பலகைக்குப் பின்னால் ஒரு அங்குலம் காற்றோட்டம் விடுங்கள். படம் 20 x 25 செ.மீ. அளவில் தெளிவாக வர சுமார் 2,400 x 3,000 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் சுருங்கியே வரும்; பழைய போட்டோவை வாங்கி நீங்களே ஸ்கேன் செய்யுங்கள்.

பலகைகளின் நடுப்பகுதி மேல் வரிசையில் 170 செ.மீ., கீழ் வரிசையில் 120 செ.மீ. உயரத்தில் வரட்டும். வயதான பேராசிரியர்களுக்குக் கீழ் வரிசையைக் கொடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் தன் பெயரை அண்ணாந்து பார்க்காமல் நேராகப் படிக்கலாம்.