கண்ணில் மின்னல்: கண்பாப்பாவை விரிக்காமல் அனுப்பிவிடாதீர்கள்

'கண் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது என்கிறார். பார்வை 6/6, அதாவது குறையில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.' இந்த மாதம் மட்டும் மூன்று முறை இப்படி ஒரு குறிப்பைப் பார்த்துவிட்டேன். எழுதிய மூவரும் புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்கள், கெட்டிக்காரர்கள்தான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதையே எழுதியிருக்கிறேன்.

கண்ணைக் கசக்கக் கூடாது, யாரோ சொன்ன சொட்டு மருந்தை விடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். கண்ணில் மின்னல் என்று ஒருவர் வரும்போது நாம் செய்யும் தவறுகளை, கண் பார்க்கிறவர்களுக்கும் கண்ணைக் காட்ட வருகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

6/6 பார்வையை நம்புவது

கண்ணின் உள்ளே நிறைந்திருப்பது விட்ரியஸ் என்ற ஜெல். சுமார் 4 மில்லி இருக்கும், பெரும்பகுதி தண்ணீர்தான். வயது ஏற ஏற இளகிச் சுருங்கி, ஒரு கட்டத்தில் ரெட்டினாவை, அதாவது கண்ணின் பின்பக்கம் ஒளியை உணரும் படலத்தை, விட்டுப் பிரியும். பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் இது நடக்கும். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் முன்னதாகவே நடக்கலாம். பிரியும்போது எங்காவது இறுகப் பிடித்திருந்தால் ரெட்டினாவை இழுக்கும். ரெட்டினாவுக்கு வலி தெரியாது. இழுத்தாலும் அழுத்தினாலும் அது வெளிச்சமாகத்தான் காட்டும். இருட்டில் கண்ணைத் திருப்பும்போது ஓரத்தில் வில் போல ஒரு மின்னல் தெரிவது அதனால்தான்.

பலருக்கு ஜெல் பிரிவதோடு விஷயம் முடிந்துவிடும். ஆனால் புதிதாக மின்னல் தெரிகிறது, பூச்சி பறக்கிறது என்று வருகிறவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு ரெட்டினா கிழிந்திருக்கும். கிழிசல் விழுவது பெரும்பாலும் ஓரத்தில். எழுத்துப் பலகையைப் படிப்பதோ மாக்குலா என்ற நடுப்பகுதி. ஓரம் கிழிந்து, அதைச் சுற்றி நீர் புகத் தொடங்கியிருந்தாலும், மாக்குலா கெடும்வரை கடைசி வரியைத் தடையில்லாமல் படிக்கலாம்.

நான் அனுப்பியவருக்கு 54 வயது. கண்ணாடி பவர் மைனஸ் 7. இரண்டு நாளாக வலது கண்ணில் மின்னல் என்றார். கடைசி வரிவரை படித்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "வண்டி ஓட்டிக்கிட்டுப் போகணும் டாக்டர், சொட்டு வேண்டாமே" என்றார். அவர் சொன்னது கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தை. சரி என்று கைக்கருவியால் நடுப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, வயதானால் வருவதுதான் என்று சொல்லி அனுப்பினேன்.

பதினோரு நாள் கழித்து வந்தார். கீழே மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறி வந்து நடுவையும் மூடியிருந்தது. சொட்டு விட்டுப் பார்த்தால், மேலே வெளி ஓரத்தில் குதிரை லாடம் போல ஒரு கிழிசல். அதன் வழியாக நீர் புகுந்து ரெட்டினா பிரிந்து, மாக்குலாவும் சேர்ந்து போயிருந்தது. முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் சில நிமிட லேசரோடு முடிந்திருக்கும். அதற்குப் பதில் அறுவை, கண்ணுக்குள் வாயு, நாள்கணக்கில் தலையை ஒரே நிலையில் வைத்திருக்கும் அவதி. ரெட்டினா ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கண்ணுக்குக் கதவு நிலை இன்றும் வளைந்துதான் தெரிகிறது.

"நான்தானே சொட்டு வேண்டாம்னு சொன்னேன்" என்றார் அவர். வேண்டாம் என்றவரிடம் ஏன் வேண்டும் என்று விளக்குவது என் வேலை. அதை நான் செய்யவில்லை.

ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனேன் என்ற கண் மருத்துவர் 1920களிலேயே இதை நிறுவிவிட்டார்: ரெட்டினா பிரிவதற்குக் காரணம் கிழிசல், அதை அடைத்தால் ரெட்டினா ஒட்டும். அதற்கு முன்பு, பிரிந்த ரெட்டினா என்றால் அநேகமாகப் பார்வை போனதுதான். நூறு வருடமாகத் தெரிந்த ஒன்றை, கண்பாப்பா விரியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் விட்டுவிடுகிறோமே என்று எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

புதிய மின்னல் என்றால் இரண்டு கண்ணுக்கும் சொட்டு விடுங்கள். கண்பாப்பா முழுதாக விரியட்டும். அப்புறம் தலையில் மாட்டும் இன்டைரக்ட் கருவியால், வெளியிலிருந்து லேசாக அழுத்தியபடி ஓரத்தைச் சுற்றிலும் பாருங்கள். ஸ்லிட் லாம்ப் என்ற நுண்ணோக்கியில் முன் விட்ரியஸையும் பாருங்கள். புகையிலைத் தூள் போலப் பழுப்புத் துகள்கள் மிதந்தால், கிழிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள். ரத்தம் கசிந்து மறைத்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுங்கள்.

கண்ணைக் காட்ட வருகிறவர்களுக்கு: சொட்டு விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஒருவரோடு வாருங்கள். சொட்டு விடாமல் "ஒன்றுமில்லை" என்றால், "ஓரத்தைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மின்னல் நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருப்பது

இழுப்பு விட்டால் மின்னல் நிற்கும். ஜெல் நல்லபடியாகப் பிரிந்தாலும் இழுப்பு விடும், ரெட்டினாவில் ஒரு துண்டு பிய்ந்து ஜெல்லோடு போனாலும் விடும். எது நடந்தது என்பதை உள்ளே பார்த்தால்தான் சொல்ல முடியும்.

எடுத்த எடுப்பில் மைக்ரேன் என்பது

மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலியில் தெரியும் வெளிச்சம் மூளையில் உண்டாவது. பல் பல்லாக மினுங்கும் கோடு மெல்லப் பரவி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் மறையும். தலைவலி இல்லாமலும் வரும். எந்தக் கண்ணை மூடினாலும் மற்றதில் தெரியும். ரெட்டினா இழுப்பில் வரும் மின்னலோ ஒரே கண்ணில், நொடிப்பொழுதில் வந்து போகும். "எந்தக் கண்?" என்று மட்டும் கேட்காதீர்கள். வலப்பக்கம் தெரிவதையே வலது கண் என்று பலரும் சொல்வார்கள். "ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

மாத்திரைகளைக் கேட்காமல் விடுவது

இதயத்துக்கு இவாபிரடின் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள்; அந்த மாத்திரையாலும் கண்ணில் வெளிச்சம் தெரியலாம். ஆமாம் என்றாலும் சொட்டு விட்டுப் பாருங்கள்.

ஒரு தடவை பார்த்ததோடு விடுவது

முதல் நாள் கிழிசல் இல்லாத சிலருக்கு அடுத்த சில வாரங்களில் விழுகிறது. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்லுங்கள். இடையில் பூச்சிகள் திடீரெனக் கூடினால், மின்னல் அதிகமானால், ஓரத்தில் நிழல் விழுந்தால் அன்றே வர வேண்டும். இதைச் சீட்டில் எழுதியும் கொடுங்கள். அந்த 54 வயதுக்காரரிடம் நான் இதையும் சொல்லவில்லை. நிழல் விழுந்த பிறகும் மூன்று நாள் வீட்டிலேயே காத்திருந்தார்.