செஞ்சிக் கோட்டைக்குக் குடும்பத்தோடு போக: காலையில் மலை, மதியம் அடிவாரம்

எங்கள் ஊர் திண்டிவனம். சென்னையிலும் பாண்டிச்சேரியிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் லீவுக்கு வந்தால் செஞ்சிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. கைக்குழந்தையும் இருக்கும், முழங்கால் வலிக்கிற பெரியவர்களும் இருப்பார்கள். இத்தனை பேரையும் வைத்துக்கொண்டு போய்ப் பழகியதில் எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டிருக்கிறது. செஞ்சியை வெறும் மலையேற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பலரும் மூச்சு வாங்க ராஜகிரி மலை உச்சிக்குப் போய், போட்டோ எடுத்து, இறங்கியதும் களைப்பில் நேராக வண்டி ஏறிவிடுகிறார்கள். ஜனங்கள் புழங்கிய இடமெல்லாம் அடிவாரத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகும் பேசுவது அதைப் பற்றித்தான். அதனால் காலையில் மலை, சாப்பாட்டுக்கு அப்புறம் அடிவாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாள் பாருங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை ஓய்ந்து குளங்களில் தண்ணீர் நிற்கும், பாறை சுடாது. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். பத்து மணிக்கெல்லாம் கல் கொதிக்க ஆரம்பித்துவிடும், பெரியவர்களுக்குத் தலை சுற்றும். காலண்டரில் பௌர்ணமியும் அமாவாசையும் எப்போது என்று பார்த்து அந்த நாட்களை விட்டுவிடுங்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம் இந்த ரோட்டில்தான் போகும். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டம். இரண்டுக்கும் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது.

சென்னையிலிருந்து வருபவர்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் திண்டிவனம் வந்து மேற்கே திரும்ப வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய 28 கிலோமீட்டர். திண்டிவனம் வழியாகப் போகும் திருவண்ணாமலை பஸ் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கும், அப்புறம் ஆட்டோதான். ஊரைத் தாண்டியதும் ரோடு கோட்டைக்குள்ளேயே புகுந்து போகும். வலது கைப்பக்கம் கிருஷ்ணகிரி, இடது கைப்பக்கம் ராஜகிரி. மூன்றாவது மலையான சந்திரகிரியும் சேர்த்து மூன்றையும் இணைக்கும் மதில் சுமார் 13 கிலோமீட்டர் நீளம். வண்டியை ஒரு நிமிடம் ஓரமாக நிறுத்தி, மதில் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பிள்ளைகளைக் கண்ணால் பின்தொடரச் சொல்லுங்கள். உள்ளே போய்விட்டால் இந்த முழுப் பார்வை கிடைக்காது.

தொல்லியல் துறையின் கோட்டை இது. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரியில் ஏற விடமாட்டார்கள். மதியம் வந்து சேர்ந்து காவலரிடம் கெஞ்சுகிற குடும்பங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஏறப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே கடை கிடையாது. தின்பண்டத்தை முதுகுப் பைக்குள் ஜிப் போட்டு வையுங்கள். பாலிதீன் கவர் சரசரவென்று சத்தம் கேட்டாலே குரங்கு வந்துவிடும், அதுவும் குழந்தை கையில் இருந்தால் யோசிக்காமல் பிடுங்கும். கண்ணாடி போட்டவர்களும் கவனம். காலுக்குப் பிடிப்புள்ள ஷூ போதும். வழுவழுப்பான செருப்பு இறங்கும்போது காலை வாரிவிடும்.

அடுத்தது, யார் ஏறுவது, யார் கீழே இருப்பது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். ராஜகிரி 800 அடி உயரம், ஆயிரத்துக்கும் மேல் படிகள். படிகள் ஒரே அளவில் இருக்காது, சில இடங்களில் முழங்கால் உயரம் வரும். என் அத்தைக்கு மூட்டு வலி. அவர் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை மெதுவாக வந்து, கும்பிட்டுவிட்டு, ஒரு ஆள் துணையோடு கீழே போய் நிழலில் உட்கார்ந்துகொள்வார். அந்த அம்மன்தான் கோட்டைக்குக் காவல் என்பது ஊர் நம்பிக்கை. ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்களைத் தூக்கிக்கொண்டு உச்சி வரை போக வேண்டாம் என்பது என் கருத்து. தூக்குகிறவருக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் அலுப்பு.

ஏறும்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று போங்கள், ஓய்வும் ஆகும். வாசலுக்கு நேரே அடுத்த வாசல் இருக்காது, வழி திரும்பித்தான் போகும். ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நேர் வழியாக இருந்தால் யானை ஓடி வந்த வேகத்தில் கதவை முட்டித் தள்ளிவிடும். திரும்பித் திரும்பி வரச் சொன்னால் அந்த வேகம் வராது, மேலே நிற்பவன் அடிப்பதற்கும் தோதாக இருக்கும். இதை ஒரு வாசலில் சொல்லிக் கொடுத்தால் போதும், மீதி வாசல்களில் அவர்களே சொல்லிக்கொண்டு வருவார்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து ஒரு பெரும் பள்ளம் குறுக்கே கிடக்கிறது. 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு பாலம். போர்க்காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் போக வேறு வழி கிடையாது. இங்கே அவசரப்படாதீர்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிறுத்திக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். மராட்டிய ராஜா ராஜாராம் தன் நாட்டிலிருந்து தப்பி வந்து இந்தக் கோட்டையில் இருந்துகொண்டு, முகலாயப் படை சுற்றி வளைத்தும் ஏழெட்டு வருஷம் தாக்குப் பிடித்தார். கோட்டை 1698-ல்தான் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் கைக்குப் போனது. அத்தனை வருஷம் எப்படித் தாக்குப் பிடிக்க முடிந்தது என்று புத்தகத்தில் படித்தால் புரியாது, இந்தப் பாலத்தில் நின்றால் புரியும். ராஜாராமின் அப்பா சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை இது. அந்தத் தொடர்பால்தான் 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது செஞ்சியும் சேர்ந்தது. மீதி பதினொன்றும் மகாராஷ்டிராவில் இருக்கின்றன. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதில் ரொம்பப் பெருமை.

உச்சியில் அரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. காற்று ஆளைத் தள்ளும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளிசாதமும் தயிர் சாதமும் கட்டி வண்டியிலேயே வைத்திருங்கள். வெளியே வந்து சாப்பிட்டு, கொஞ்சம் காலை நீட்டிப் படுத்துவிட்டு மறுபடி உள்ளே போகலாம்.

அடிவாரத்தில் முதலில் நெற்களஞ்சியம். கனத்த சுவர், வளைந்த கூரை, உள்ளே இருட்டு, குளிர்ச்சி. அக்கா மகன் அதற்குள் தன் பெயரைச் சொல்லிக் கத்தினால் பெயர் திரும்பத் திரும்ப வரும்; அவனை வெளியே இழுத்து வருவதே பெரிய வேலை. அவனிடம் நான் கேட்கும் கேள்வி இதுதான்: எதிரி வெளியே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் உள்ளே இருப்பவன் எதை வைத்துப் பிழைப்பான்? பதில் அவன் நிற்கிற இடத்திலேயே இருக்கிறது. அப்புறம் யானைக்குளத்தையும் காட்டினால் தண்ணீர்க் கணக்கும் புரிந்துவிடும். கல்யாண மகால் எட்டு நிலைக் கோபுரம், நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். மண் குழாய் வழியாக அதற்குத் தண்ணீர் வந்தது. பக்கத்திலேயே குதிரை லாயம், உடற்பயிற்சிக்கூடம்.

வெங்கடரமணர் கோயிலை விட்டுவிடாதீர்கள். கோபுர வாசலின் உள்சுவரில் பாற்கடலைக் கடையும் சிற்பம் இருக்கிறது. அசுரர் பக்கம் எது, தேவர் பக்கம் எது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை என்று சொல்வார்கள். பாண்டிச்சேரி சொந்தக்காரர்கள் வந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தேசிங்கு ராஜா கதையை ஊரிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிடாதீர்கள். செட்டிக்குளத்துக் கரைக்கு வந்ததும் சொல்லுங்கள். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டுப் படையோடு வர, 22 வயதுப் பையன் சின்னப் படையை வைத்துக்கொண்டு எதிர்த்து 1714 அக்டோபரில் உயிரை விட்டான். கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து வந்து அவனோடு சேர்ந்து சண்டை போட்டுச் செத்த நண்பன் மகமத் கான், நீலவேணி என்ற அவன் குதிரை, தேசிங்கின் குதிரை பாராசாரி, எல்லாம் கதைப்பாடலில் வரும். தேசிங்கைத் தகனம் செய்த இடம் என்று இந்தக் குளக்கரையில் ஒரு மேடையைக் காட்டுவார்கள். இந்து ராஜாவும் முஸ்லிம் நண்பனும் ஒரே களத்தில் விழுந்த கதையை அங்கே நின்று சொல்லும்போது சேட்டைக்காரப் பிள்ளைகள்கூடச் சத்தமில்லாமல் கேட்பார்கள்.

கிருஷ்ணகிரி ராஜகிரியை விடக் குட்டை. ஏறுவதும் சுலபம். ராஜகிரி வேண்டாம் என்று நினைப்பவர்கள் காலையில் இதில் ஏறலாம். உச்சியில் எண்ணெய்க்கும் நெய்க்கும் கட்டிய கிணறுகள் உண்டு. ஒரே நாளில் இரண்டு மலையும் ஏறுவதைக் குடும்பத்துக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகும் தெம்பு இருந்தால் வடக்கே நாலைந்து கிலோமீட்டரில் சிங்கவரம். பல்லவர் காலத்துக் குடைவரையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அதே பக்கம் திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. பஸ்ஸில் வந்தவர்கள் இதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிடுங்கள். லீவு நாளில் சென்னை பஸ் திருவண்ணாமலையிலேயே நிரம்பித்தான் வரும். திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்து போய் அங்கே மாறிக்கொள்வது நல்லது.