காஸ்மிக் கதிர் விண்வெளியில் எப்படி அலைகிறது? ஒரு தாள், ஒரு பகடை போதும்

கதிர் என்று பெயர் இருந்தாலும் காஸ்மிக் கதிர் ஒளி அல்ல, துகள், பெரும்பாலும் புரோட்டான். மின்னூட்டம் இருப்பதால் காந்தப்புலம் அதை வளைத்துக்கொண்டே இருக்கும். 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி காஸ்மிக் கதிரைக் கண்டுபிடித்தார். இன்றும், ஒரு துகள் வந்த திசையை வைத்து அது பிறந்த இடத்தைச் சொல்வது கடினம். காரணத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

படி 1: சுழல் ஆரம்

துகள் காந்தப்புலக் கோட்டைச் சுற்றி ஸ்பிரிங் போலச் சுருண்டு போகும். புரோட்டானின் ஆற்றலை எலக்ட்ரான்வோல்ட்டில் எழுதுங்கள். அதை ஒளியின் வேகம், காந்தப்புலம் இரண்டின் பெருக்கலால் வகுத்தால் ஆரம் மீட்டரில் வரும். நம் பால்வெளியில் புலம் சுமார் 3×10⁻¹⁰ டெஸ்லா. அதை ஒளியின் வேகமான 3×10⁸ ஆல் பெருக்கினால் 0.09. ஆக, ஆற்றலை 0.09 ஆல் வகுத்தால் முடிந்தது.

படி 2: எண்களைப் போடுங்கள்

10¹² எலக்ட்ரான்வோல்ட்டுக்கு 1.1×10¹³ மீட்டர், சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல 74 மடங்கு. பால்வெளியின் அளவுக்கு இது ஒரு புள்ளி. 10¹⁸ போட்டால் சுமார் 1,170 ஒளியாண்டு வரும். பால்வெளித் தட்டின் தடிமனே ஏறத்தாழ 1,000 ஒளியாண்டுதான், அதனால் அந்தத் துகளைத் தட்டால் பிடித்து வைக்க முடியாது. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்: ஒரே ஒரு வகுத்தல், யார் உள்ளே சிக்குவார், யார் தப்புவார் என்று சொல்லிவிடுகிறது.

படி 3: பகடை

காந்தப்புலம் சீராக இல்லை, முடிச்சு முடிச்சாக இருக்கிறது. சுழல் ஆரத்துக்கு ஒத்த அளவுள்ள நெளிவு எதிர்ப்பட்டால் துகள் திசை மாறும். கட்டம் போட்ட தாளில் நடுவே பென்சிலை வையுங்கள். 1 விழுந்தால் மேலே, 2 கீழே, 3 வலது, 4 இடது. 5, 6 என்றால் மறுபடி உருட்டுங்கள். கோடு தன்னையே திரும்பத் திரும்பத் தாண்டி, சில கட்டங்கள் கருத்துப்போகும். 100 முறை நகர்த்திய பிறகு, தொடங்கிய இடத்திலிருந்து சராசரியாகப் பத்துக் கட்டம்தான் நகர்ந்திருப்பீர்கள்.

சரி, ஒரு கட்டம் 3 ஒளியாண்டு என்று வைத்துக்கொள்வோம். 1,000 ஒளியாண்டு விலக சுமார் 1.1 லட்சம் நகர்வுகள் வேண்டும். துகள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் போவதால் ஒரு நகர்வுக்கு 3 ஆண்டு, அதாவது மொத்தம் மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு மேல்.

அளந்து பார்த்ததில் வந்த விடை இன்னும் பெரிது. காஸ்மிக் கதிர்களில் உள்ள பெரிலியம்-10 அணுவின் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 14 லட்சம் ஆண்டு. அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால், பயணம் ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று தெரிகிறது. தட்டுக்கு மேலும் கீழும் காந்தப்புலம் பரவியிருக்கும் ஒரு பெரிய மண்டலம் (ஹாலோ) உண்டு. வெளியே போன துகள் அங்கே சுற்றி அலைந்து மறுபடி தட்டுக்குள் வருகிறது.